தினம் ஒரு பட்டை: வீட்டில் மரக் கப்பல் கட்டத் தொடங்குவோருக்கு

மாதிரிக் கப்பலின் உடலை மூடும் மெல்லிய பலகைக் கீற்றைத்தான் மரப்பட்டை என்கிறேன். அது தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வேண்டும். வளைத்துக் கட்டிய பட்டை காய ஓர் இரவு ஆகும். பசை பிடிக்க அரை மணி நேரம், அதற்கு முழுப் பலம் வர ஒரு நாள். பாய்மரக் கப்பலின் மாதிரியை மரத்தில் கட்டுகிறவருக்கு வேலையில் பெரும்பகுதி இப்படிக் காத்திருப்பதுதான். குக்கரில் சோறு வேகும்போதும், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போதும், அம்மா சீரியல் பார்க்கும்போதும் அந்தக் காத்திருப்பு தானாக நடந்துகொண்டிருக்கும்.

குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கைவேலை ஒத்துவராது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டில், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோரோடும் இருந்துகொண்டுதான் நான் கப்பல் கட்டுகிறேன். எனக்குத் தெரிந்தது நேர்மாறானது. நாள் முழுவதும் ஓய்வாக இருப்பவர் ஈரம் காயாத பட்டையை அவசரப்பட்டு ஒட்டிவிடுவார். அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர் ஒட்டிவிட்டு எழுந்து போயே ஆக வேண்டும். கப்பலுக்கு அதுதான் நல்லது.

எந்தக் கப்பலில் தொடங்குவது?

எல்லோருக்கும் முதல் ஆசை ‘விக்டரி’ மேல்தான். 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் நின்ற கப்பல், இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அதன் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் அதில் 104 பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி, நான்கு சக்கரம், இழுகயிறுகள். 1:72 அளவில், அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் கட்டினால் உடற்பகுதி மட்டுமே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். முதல் கிட்டாக (பாகங்களும் வரைபடமும் அடங்கிய பெட்டி) இதை வாங்கியவர்களில் பலருடைய பெட்டி மூன்றாவது மாதத்தில் பரணுக்குப் போய்விடும். வாங்குவதற்கு முன் வீட்டு அலமாரியின் நீள உயரங்களை டேப் வைத்து அளந்துபாருங்கள். கிட் பெட்டியின் மேல் உள்ள நீளத்தோடு, பாய்மர உச்சி வரையிலான உயரத்தையும் பாருங்கள். பாதிக் கப்பல்கள் அந்த அளவிலேயே பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது ‘டோரி’ என்ற சிறு படகு. வட அட்லாண்டிக்கின் கிராண்ட் பேங்க்ஸ் கடற்பரப்பில் காட் மீன் பிடிக்கப் போன பெரிய பாய்மரக் கப்பல்கள் இந்தப் படகுகளைத் தட்டுகளை அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாகத் தளத்தில் அடுக்கிக்கொண்டு போயின. கடலில் இறக்கியதும் படகுக்கு இரண்டு பேர் ஏறித் தூண்டில் கயிறு விடுவார்கள். அடுக்க வசதியாக உட்காரும் பலகைகள் கழற்றும்படி இருக்கும், பக்கங்கள் வெளிநோக்கி விரிந்திருக்கும், அடிப்பகுதி தட்டை. கட்டப் பழகுவதற்கும் இந்த வடிவம் ஏற்றது. பக்கத்துக்குச் சில பலகைகள்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏம்ஸ்பரியில் 1793 முதல் படகு கட்டும் லோவெல் பட்டறையின் டோரியை மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் 1:24 அளவில் கிட்டாகத் தருகிறது. முடித்தால் கால் மீட்டர் நீளம், புத்தக அலமாரியில் அடங்கிவிடும்.

டோரிகளைச் சுமந்த கப்பல்களின் பெரிய துறைமுகம் அதே மாசசூசெட்ஸின் குளோஸ்டர். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பல், நம் மாலுமிகளோடு 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து போய்ச் சேர்ந்ததும் அதே குளோஸ்டருக்குத்தான். என் டோரியை ஒட்டிக்கொண்டிருந்தபோது இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அன்று முதல் அந்தப் படகுக்கு எங்கள் வீட்டில் பெயர் அன்னபூரணிதான்.

டோரி முடிந்ததும் ஒற்றைப் பாய்மரமோ இரட்டைப் பாய்மரமோ உள்ள சிறு கப்பலுக்குப் போகலாம். அப்போது ‘இரட்டைப் பட்டை’ வகைக் கிட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் முதல் அடுக்குப் பட்டை உள்ளே மறைந்துவிடும். மேல் அடுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். முதல் அடுக்கில் செய்யும் தவறுகளைத் தேய்த்தும் நிரப்பியும் சரிசெய்துகொள்ளலாம்.

இடமும் கருவியும்

சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் இந்தக் கைவேலைக்குப் பகை வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். நான்கு பக்கமும் விளிம்பு உயர்த்திய ஒரு மரத் தட்டு, இரண்டடிக்கு ஒன்றரை அடியில், தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். கப்பல், பசை, கத்தி எல்லாம் அதிலேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் தட்டோடு தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடலாம். எடுத்துப் பரப்பவும் திரும்ப அடுக்கவும் பத்து நிமிடம் போனால் அரை மணி நேரத்தில் என்ன மிஞ்சும்?

நம் ஊர் வீடுகளில் மின்விசிறி ஒரு பெரிய சிக்கல். நூலையும் மெல்லிய பட்டையையும் அது பறக்கடிக்கும். விசிறியை நிறுத்தி வேலை செய்ய ஏற்ற காலம் மார்கழி, தை. கயிறு கட்டும் வேலையை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டால் சித்திரை வெயிலில் வியர்வையோடு நூல் கோக்க வேண்டியிருக்காது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். பட்டைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய உறையில், இரண்டு பலகைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். மூன்றாம் எண் சர்ஜிக்கல் கைப்பிடியும் அதற்கான பதினோராம் எண் பிளேடும் மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும். இதைவிட நல்ல கத்தி இந்த வேலைக்கு இல்லை. எஃகு அளவுகோல், சிறிய மூலைமட்டம், கூரிய இடுக்கி, நுண்ணிய அரம், அரை மில்லிமீட்டர் முதல் துளையிடும் கைத் துளைப்பான், 120, 220, 400 எண் உப்புத்தாள்கள், ஒரு டஜன் துணி கிளிப். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். ஃபெவிக்விக்கைக் கூடிய மட்டும் தள்ளிவையுங்கள். அது பட்ட இடத்தில் பின்னால் பாலிஷ் ஏறாது, வெண்மை படியும், ஆவி கண்ணை எரிக்கும். பிளேடுகளும் ஃபெவிக்விக்கும் பூட்டுப் போட்ட டப்பாவில்தான் இருக்க வேண்டும். தேய்ந்த பிளேடை ஒரு பழைய பாட்டிலில் போட்டு மூடுங்கள். குப்பைக் கூடையில் போட்டால் குப்பை அள்ளுபவரின் கை கிழியும்.

மேலங்கியின் கீழ் ஓரத்தை மேசை விளிம்போடு கிளிப் போட்டுக்கொண்டால் கை தவறும் துண்டு மடியில் விழும். அதையும் தாண்டித் தரையில் விழுந்தால் உடனே பெருக்க விடாதீர்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். கடுகளவு மரத் துண்டுக்கும் நீண்ட நிழல் விழும்.

பிரிக்கும் நாள்

கிட் வந்த அன்றே ஒட்டத் தொடங்காதீர்கள். முதல் வாரம் முழுவதும் வரைபடத்தை வாசியுங்கள். அதை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்; அசல் தாள் மடிப்புக் கலையாமல் இருக்கட்டும். பாகங்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குறைவது இருந்தால் அப்போதே எழுதிக் கேட்கலாம். லேசரில் வெட்டிய துண்டுகளை வேண்டும்போது மட்டும் தாளிலிருந்து எடுங்கள். எடுத்ததும் பின்புறம் பென்சிலால் எண் எழுதுங்கள்.

வரைபடத்தில் எல்லாம் ஆங்கிலப் பெயர்களாக இருக்கும். நான் பக்கத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதிவைப்பேன். தோணி கட்டும் ஓடாவிகள் புழங்கிய சொற்கள் நமக்கு இருக்கின்றன. கப்பலின் அடிமரம் ஏரா. விலா எலும்புபோல நிற்பவை வங்கு. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பாய் தொங்கும் குறுக்கு மரம் பருமல். ‘பருமலைப் பிடி’ என்றால் என் மகள் சரியான குச்சியை எடுத்துத் தருகிறாள்.

ஏராவும் குறுக்குத் தகடுகளும்

நடுவே நீளமான மரத் தகடு ஒன்று, அதில் வரிசையாகக் குறுக்குத் தகடுகள். மீன் முள் போன்ற இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் பட்டைகள் படியப்போகின்றன. முதலில் நடுத் தகட்டைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் ஈரப்படுத்திப் புத்தகச் சுமையின் கீழ் இரண்டு நாள் வையுங்கள். குறுக்குத் தகடு ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தகடு போதும்.

அடுத்து வருவது பலரும் அவசரத்தில் தாண்டிப்போகும் வேலை. குறுக்குத் தகடுகளின் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கும். கப்பலோ அணியத்தை நோக்கி ஒடுங்கும். ஆகவே பட்டை முழு அகலத்தில் படிய வேண்டுமானால் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஒரு குச்சியில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு மூன்று தகடுகளின் மேல் ஒருசேர ஓட்டுங்கள். ஒரு மெல்லிய பட்டையைக் கையால் பிடித்து அணியத்திலிருந்து அமரம் வரை படியவைத்துப் பாருங்கள். எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே பள்ளம், எங்கே பட்டை முட்டித் தூக்குகிறதோ அங்கே மேடு. பள்ளத்தில் மெல்லிய மரச் சீவலை ஒட்டி நிரப்பித் தேயுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். முகமூடி அணியாமல் தேய்க்காதீர்கள். பால்கனியில் தேய்த்தால் வீட்டுக்குள் தூள் வராது.

பட்டை ஒட்டும் இரவுகள்

கப்பல் கட்டுவதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முனைகளில் குறைவு. ஒரே அகலப் பட்டையை அப்படியே ஒட்டிக்கொண்டு போனால் அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் முனை நோக்கிக் குறுக்க வேண்டும். கணக்கு எளிது. ஒரு காகிதப் பட்டையை நடுக் குறுக்குத் தகட்டின் மேல், தள விளிம்பிலிருந்து ஏரா வரை சுற்றி அளவெடுங்கள். 100 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் பட்டை இருபது வேண்டும். அதேபோல் அணியத்தின் முதல் தகட்டை அளந்தால் 64 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இருபதால் வகுத்தால், அங்கே ஒவ்வொரு பட்டையும் 3.2 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். எல்லாத் தகடுகளிலும் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையின் பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் குறுக்க வேண்டாம். அந்த நிலை வந்தால் இரண்டு பட்டைகள் முடியும் இடத்தில் ஒற்றைப் பட்டையாகத் தொடருங்கள். அமரத்தின் அடியில் மாறாக இடைவெளி விழும். அங்கே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக வேண்டும்.

முதல் பட்டை தளத்தின் விளிம்பை ஒட்டிப் போகும். அது சரியாக விழுந்தால் மற்றவை அதைப் பின்தொடரும். அணியத்தில் வளைவு அதிகம் என்பதால் பட்டையை ஊறவைத்து வளைக்க வேண்டும். வால்நட் மரத்துக்கு இருபது முப்பது நிமிடம், பாஸ்வுட்டுக்கு அதில் பாதி. பிறகு வீட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியை ஈரப் பட்டையின் மேல் அழுத்தி நகர்த்திக்கொண்டே மெல்ல வளையுங்கள். மரத்தை இணங்கவைப்பது சூடு. கருகாமல் காப்பது ஈரம். தகட்டோடு கிளிப் போட்டு விட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் காய்ந்து அதே வளைவில் நிற்கும், அப்போதுதான் பசை. ஈரத்தோடு ஒட்டிய பட்டை காயும்போது சுருங்கிப் பக்கத்துப் பட்டையோடு இடைவெளி விடும். பட்டையைத் தட்டைப் பக்கமாக மட்டும் வளையுங்கள். விளிம்புவாக்கில் வளைக்க முயன்றால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ஆக ஓர் இரவின் வேலை இது: நேற்றுக் காயவைத்த பட்டையை ஒட்டுவது, நாளைக்கான பட்டையை ஊறவைத்து வளைத்துக் கட்டுவது. அரை மணி நேரம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை ஒட்ட முடிந்தால் இருபது இரவுகளில் உடல் மூடிவிடும். காய்ச்சல், தேர்வு, கல்யாணம் எல்லாம் குறுக்கிட்டு இரண்டு மாதம் ஆனாலும் கப்பலுக்கு நஷ்டம் இல்லை.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். வலப்பக்கம் ஒன்று ஒட்டினால் இடப்பக்கம் ஒன்று. என் இரண்டாவது கப்பலில் ஒரு தீபாவளி விடுமுறையில் வலப்பக்கம் மட்டும் ஏழு பட்டைகளை ஒட்டிக்கொண்டே போனேன். வாரக் கடைசியில் பின்னாலிருந்து பார்த்தபோது ஏரா வில்லாக வளைந்திருந்தது. ஒரு பக்கத்து இழுவையை மறுபக்கம் தாங்கவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவித் தடவிப் பசையை இளக்கி, மெல்லிய பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நான்கு பட்டைகள் உடைந்தன. ஃபெவிகால் இப்படி இளகும் என்பதால்தான் கப்பல் பிழைத்தது.

உடல் மூடியதும் தேய்ப்பு. சிறு இடைவெளிகளில் அதே மரத்தின் தேய்த்த தூளைப் பசையோடு குழைத்து நிரப்புங்கள். நிறம் ஒத்துப்போகும்.

தளமும் பூச்சும்

தளப் பலகைகளுக்கு இடையே கீல் (தார்) அடைத்த கோடு தெரிய, பட்டைகளின் ஓரத்தில் மென்பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் போதும். பூச்சுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அதாவது தச்சர்கள் பயன்படுத்தும் ஷெல்லாக்தான் அடுக்ககங்களுக்கு ஏற்றது. விரைவில் காயும், காலைக்குள் வாசனை போய்விடும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பாய்மரத்துக்கு உருண்டைக் குச்சியை டிரில்லில் பொருத்திச் சுழலவிட்டு, உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தால் நுனி நோக்கி ஒடுங்கும்.

கயிறு

கப்பலில் இரண்டு வகைக் கயிறு. பாய்மரத்தை அசையாமல் தாங்கும் கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கருமை. பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கும் கயிறுகள் சணலின் வெளிர் நிறம். கருப்பை முதலில் கட்டுங்கள், வெளிரை அடுத்து. கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து ஓரமாகப் போங்கள். கை நுழைய இடம் இருந்துகொண்டே இருக்கும்.

எந்த நூலானாலும் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு படிந்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கிடைக்கும். பருத்தி நூல் ஈரக் காற்றில் இறுகும், வெயிலில் தளரும். அதனால் விண்ணென்று இழுத்துக் கட்டாதீர்கள், பாய்மரமே வளைந்துவிடும்.

மாலுமிகள் ஏறும் கயிற்றேணிதான் பொறுமையைச் சோதிப்பது. அசல் கப்பலில் படிக்குப் படி ஏறக்குறைய 15 அங்குலம். 1:64 அளவில் அது 6 மில்லிமீட்டர். வெள்ளை அட்டையில் அந்த இடைவெளியில் கோடுகள் போட்டுக் கயிறுகளுக்குப் பின்னால் செருகுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் குறுக்கு நூலை ஒவ்வொரு கயிற்றிலும் இருமுறை சுற்றி முடிச்சிட வேண்டும். நூற்றுக்கணக்கான முடிச்சுகள். எங்கள் வீட்டில் இதில் என்னைவிடக் கைதேர்ந்தவர் அம்மா. ஐம்பது வருடம் மல்லிகை கட்டிய விரல்களுக்கு அந்த முடிச்சு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. என் முடிச்சுகள் நூலை உள்ளே இழுத்துப் பக்கவாட்டுக் கயிறுகளை இடுப்பு ஒடுங்கவைத்தன. அம்மாவின் முடிச்சுகளில் அவை நேராக நின்றன. “இழுக்காதேடா, பூ நசுங்கும்” என்றார். அதைவிடச் சரியாக யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

முடிச்சின் மேல் தண்ணீர் சேர்த்த ஃபெவிகால் ஒரு துளி வையுங்கள். ஃபெவிக்விக் வைத்தால் நூல் விறைத்து ஒடியும். மீதி நூலை மறுநாள்தான் வெட்ட வேண்டும்.

வீட்டாரோடு

எந்த அரை மணி நேரம் என்பதை மனைவியோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரை முதல் பத்து. அதே அளவு நேரம் அவருடைய விருப்பத்துக்கும் இருக்க வேண்டும். அப்போது பிள்ளைகள் என் பொறுப்பு. பசை காயட்டும் என்று சொல்லிக்கொண்டு பத்தரை வரை உட்கார்ந்திருப்பது ஒப்பந்த மீறல். பசை காய நீங்கள் தேவையில்லை.

பிள்ளைகளுக்குப் பொம்மை வேலை கொடுத்து ஏமாற்றாதீர்கள். ஆறு வயதில் எண்ணிப் பிரிக்கலாம், கிளிப் போடலாம். ஒன்பது பத்து வயதில் உப்புத்தாள் தேய்க்கலாம், உடன் இருந்தால் கைத் துளைப்பானும் பிடிக்கலாம். அவர்கள் தேய்த்த இடத்தை அவர்கள் தூங்கிய பிறகு திருத்தித் தேய்க்கவும் வேண்டாம். என் கப்பலின் இடப்பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டி

தூசி படிந்த கயிறுகளைத் துடைக்க முடியாது. ஆகவே பெட்டி கட்டாயம். மீன்தொட்டி செய்து விற்பவரிடம் அளவு கொடுங்கள். அடித்தட்டில்லாமல் கவிழ்த்து வைக்கும்படி செய்துதருவார். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். அடியில் விரல் நுழையாத அளவு காற்றிடைவெளி இருக்கட்டும்; மரமும் பூச்சும் விடும் ஆவி உள்ளேயே தேங்கக் கூடாது. நேர் வெயில் படும் ஜன்னல், சமையலறைச் சுவர் இரண்டும் ஆகாது. கரையான் வந்த சுவரின் பக்கமே வேண்டாம்.

மீந்த பட்டை, இரண்டு நிற நூல், பயன்படுத்திய பாலிஷின் பெயர் எழுதிய சீட்டு மூன்றையும் ஓர் உறையில் போட்டுப் பீடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள். பொங்கலுக்கு வரும் உறவுக் குழந்தைகள் யாராவது பெட்டியைத் திறந்து பருமலைத் தொடுவார்கள். ஒடிந்தால் ஓர் இரவில் மாற்றிவிடலாம்.